காஸ்பர் ஊர் திரும்பினான்

மல்லூர் தாண்டிய பிறகுதான் ரஞ்சிதாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. அஸ்தம்பட்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் காலை ஷிஃப்ட், முடிந்ததும் அடுத்த தெருவில் இரண்டு மணி நேரம் ஜெர்மன் வகுப்பு, அதன் பிறகு இந்த நாமக்கல் பஸ். கால்கள் தன்னுடையவை இல்லாத மாதிரி கனத்தன. மடியில் விரித்த தாளில் ஒரு மனிதனின் முழு வாழ்க்கையும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருந்தது. சனிக்கிழமை கோயம்புத்தூரில் வாய்மொழித் தேர்வு; ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போக அதில் தேற வேண்டும். அந்த வாழ்க்கையை ஐந்து நிமிடம் ஜெர்மனில் சொல்லிவிட்டு, அதைப் பற்றித் தன் கருத்தையும் சொல்ல வேண்டும். வகுப்பில் மற்ற நர்சுகளுக்கு விஞ்ஞானியும் பாட்டுக்காரரும் வந்திருந்தார்கள். இவளுக்கு வந்தவன் ஒரு போர்வீரன்.

“கத மாதிரி இருக்குங்க்கா. ஈசியா மனசுல நிக்கும்” என்றிருந்தார் வாத்தியார் இனியன். அவர் இவளைவிடப் பத்து வயது இளையவர்.

நானூறு வருஷத்துக்கு முந்திய ஆள். காஸ்பர் என்று பெயர். வடக்கு ஜெர்மனியில் ஒரு சின்னப் பிரபுவுக்கு மூன்றாவது மகன். கோட்டையும் நிலமும் மூத்தவனுக்கு, தேவாலயப் பதவி இரண்டாமவனுக்கு. காஸ்பருக்கு ஒரு குதிரையும் வாளும் கொடுத்துப் பதினேழு வயதில் அனுப்பிவிட்டார்கள். முதலில் டென்மார்க் ராஜாவின் படையில் சேர்ந்தான். தோற்றுப் பிடிபட்டதும், பிடித்தவர்களுடைய படையிலேயே சேர்த்துக்கொண்டார்கள். பிறகு சுவீடன்காரர்களிடம் போனான். யார் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்பது சில வருஷங்களில் அவனுக்கு மறந்துபோனது. ஒரு குளிர்காலத்தில் ஊருக்கு வந்தவன் மார்கரெட் என்ற பெண்ணைக் கட்டினான். பனி உருகியதும் கிளம்பினான். காயம், கொள்ளைநோய், குதிரைக்கறி தின்ற முற்றுகை. எல்லாம் ஓய்ந்து ஒப்பந்தம் ஆனபோது அவனுக்கு நாற்பத்தாறு வயது. ஊர் பாதி எரிந்து கிடந்தது. கதவைத் திறந்த மகள், யார் வேண்டும் என்று கேட்டாள். அதன் பிறகு ஐந்து வருஷம் அந்த வீட்டில் இருந்தான். படுக்கும்போதும் பூட்ஸைக் கழற்ற மாட்டானாம். காய்ச்சலில் செத்துப்போனான்.

தாளில் அவ்வளவுதான் இருந்தது. சொல்வது பிரச்சினை இல்லை. கருத்துதான் வரவில்லை. பாவம் என்பதற்கு ஜெர்மனில் வார்த்தை தெரியும்; அதை வைத்து ஒரு நிமிடம் ஓட்ட முடியாது.

புதுச்சத்திரத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது கணவன் பூபதி ரசம் தாளித்துக்கொண்டிருந்தான். பதினாலு வருஷம் ரிக் வண்டியில் இருந்தவன். சத்தீஸ்கர், ஒடிசா, ராஜஸ்தான் என்று ஊர் ஊராகப் போர்வெல் போட்டு, பொங்கலுக்கும் மாரியம்மன் நோம்பிக்கும் மட்டும் வீட்டுக்கு வருவான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரும்புக் குழாய் உருண்டு இடது முழங்கால் போனது. அதிலிருந்து வீட்டில்தான். மகள் இலக்கியா டியூஷனிலிருந்து இன்னும் வரவில்லை.

“என்னுங்க, ஒரு பத்து நிமிசம் கேளுங்க. தமிழ்ல சொல்லிப் பாத்தாத்தான் கோர்வையா வருது.”

“சொல்லு.”

அடுப்படியில் சுவரோரம் உட்கார்ந்து சொன்னாள். அவன் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுக் கேட்டான். முற்றுகை வந்தபோதுகூட முகம் மாறவில்லை. காஸ்பரின் மகள் கதவைத் திறந்த இடத்தில் கரண்டியைக் கீழே வைத்தான். இலக்கியாவுக்கு மூன்று வயதிருக்கும்போது, பையோடு வந்து நின்றவனைப் பார்த்துப் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது இருவருக்கும் தெரியும். அதை ரஞ்சிதா சொல்லவில்லை.

“அந்தப் பொம்பள அத்தன வருசமா என்ன பண்ணுனா?” என்றான்.

“ஒத்த வரிதான் இருக்குது. மனைவி பண்ணையத்தப் பாத்துக்கிட்டாள்னு.”

“ஒத்த வரியா?”

“ஆமாங்க.”

கரண்டியை எடுத்து ரசத்தைக் கலக்கினான். பிறகு, “ஆறு மாசத்துல எங்களக் கூப்புட்டுக்கலாம்னு சொன்னியே, அது நெசந்தானா?” என்று கேட்டான்.

மூன்று வாரமாக அவள் சொல்லாமல் வைத்திருந்தது அதுதான். பொய் சொல்லுமளவுக்குக்கூட உடம்பில் தெம்பில்லை.

“இல்லீங்க. ரெண்டு வருசம் ஆகுமாட்ட இருக்குது. அங்க போயி இன்னொரு பரிச்ச எழுதோணும், ஊடு பாக்கோணும். அப்பறந்தான்.”

அவன் போக வேண்டாம் என்று சொல்வான் என எதிர்பார்த்தாள். சொல்லிவிட்டால் நன்றாகக்கூட இருக்கும். நாளை காலை ஐந்தரை பஸ்ஸுக்கு எழுந்தால் போதும், வேறு எதற்கும் எழ வேண்டாம். அவன் அடுப்பை அணைத்தான்.

“எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாமுங்க.”

“பாப்பாகிட்ட நீ சொல்லாத. நானே சொல்லிக்கறேன். உட்டுட்டுப் போனவன் சொன்னா அதுக்குப் புரியும்.”

சனிக்கிழமை தேர்வறையில் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாளும் ஒரு இளைஞனும் இருந்தார்கள். காஸ்பரின் கதையை ரஞ்சிதா நான்கரை நிமிடத்தில் சொன்னாள். இரண்டு இடத்தில் வினைச்சொல் தப்பியது. அடுத்துக் கருத்து கேட்டார்கள். காஸ்பர் செய்ததைப் பற்றித் தாளில் நிறைய இருக்கிறது, எனக்கு மார்கரெட்டைத்தான் பிடித்திருக்கிறது என்றாள். எரிந்த ஊரில் அவள் விதைநெல்லை எங்கே வைத்திருப்பாள், காய்ச்சல் கண்ட குழந்தையை யாரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள், திரும்பி வந்தவனுக்கு எந்த அறையை ஒழித்துக் கொடுத்திருப்பாள். விதைநெல்லுக்கு வார்த்தை தெரியாமல் அரிசி என்றாள். அங்கே நெல் விளையாது என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டாள்.

அடுத்த வியாழக்கிழமை வார்டில் சலைன் மாற்றிக்கொண்டிருந்தபோது முடிவு போனில் வந்தது. தேர்ச்சி. கூட இருந்த நர்ஸ் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ரஞ்சிதாவுக்குத் தூக்கம்தான் வந்தது. பூபதிக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. பின்வாசல் படியில் பூபதி உட்கார்ந்திருந்தான், மடக்க வராத காலை நீட்டியபடி. கீழ்ப்படியில் இலக்கியா. பள்ளி ஆண்டு விழாவுக்கு அவளுக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் முடிந்து தொங்கியது. மறுபக்கத்து முடியை மூன்றாகப் பிரித்து இறுக்கிப் பிடித்திருந்தான். வாயில் ரிப்பன்.

“சொல்லிட்டீங்களா?” என்று ரஞ்சிதா உதட்டசைவில் கேட்டாள்.

அவன் ஆமென்று தலையை மட்டும் ஆட்டினான். இலக்கியா திரும்ப முயன்றாள்.

“அசையாத சாமி” என்றான் ரிப்பனைக் கடித்தபடியே.

அவள் அசையவில்லை. தலை பிடியில் இருக்க, கண்களை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுவந்து, அம்மாவின் முகம் தெரிகிற வரைக்கும் கொண்டுவந்து, அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.