பாட்டில் அடியில் ஒரு சில்லு

பிரசவ வலி இருபது நாள் முன்னதாகவே வந்துவிட்டது. சின்னாறு கரை புரண்டு ஓடியதால் பேரிகைக்குப் போய்ப் புது பிளேடு வாங்கிவர வழியில்லை. வீட்டில் இருந்தது துருவேறிய அரிவாள் ஒன்றுதான்.

முனிவேலின் முதல் இரண்டு குழந்தைகளும் பிறந்த ஏழெட்டு நாளில் தாடை இறுகிச் செத்துப்போயின. இரண்டுக்கும் அந்த அரிவாளால்தான் தொப்புள்கொடி அறுத்தது. "துருப்பிடிச்ச இரும்புதான்யா எமன்" என்று ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சொன்னது அவன் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இருந்தது.

ஆட்டுக்காரர்கள் கல்லிலோ கண்ணாடியிலோ சில்லு தட்டி எடுத்துக் குட்டிகளின் காதில் அடையாளம் வெட்டுவார்கள். அவன் பார்த்திருக்கிறான், செய்ததில்லை. உள்ளே மனைவி சென்னம்மாள் முனகிக்கொண்டிருக்க, வீட்டுக்குப் பின்னால் மேட்டில் கல் பொறுக்கினான்.

வெங்கச்சங்கல் வெள்ளையாக மினுங்கியது. ஒரே அடியில் கல்லுப்பாக உதிர்ந்தது. அடுத்ததை மெதுவாகத் தட்டினான். உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள், மூலைக்கொன்றாகச் சிதறியது. கருங்கல் உடைந்தது, ஆனால் ஓரம் குருணையாகச் சொரசொரத்தது. வாழைத்தண்டில் இழுத்துப் பார்த்தான். அறுக்கவில்லை, பிய்த்தது.

"என்னப்பா, கோயில் கட்டப் போறியா?" மருத்துவச்சி பாப்பம்மா எட்டிப் பார்த்தாள். "தலை திரும்பிடுச்சு. அரிவாள எடுத்துத் தரியா இல்லியா?"

"அரிவாள் வேணாங்க்கா. கொஞ்சம் பொறு."

"நான் பொறுப்பேன். புள்ள பொறுக்குமா?"

கண்ணாடி வேண்டும், அதுவும் தடிமனாக. ராமப்பன் வீட்டுக்கு ஓடினான். மதுவிலக்குக் காலம் அது. ராமப்பன் மைசூர் எல்லை தாண்டிப் போய் பிராந்தி கடத்துகிறவன் என்பது ஊருக்கே தெரியும்.

"அண்ணா, ஒரு பாட்டில் குடு."

"பொண்டாட்டி வலியில கெடக்குறா, தொரைக்குக் குடி கேக்குதா?"

"காலி பாட்டில்ணா."

ராமப்பன் முகம் மாறியது. "யாருடா அனுப்புனது உன்ன? காலி பாட்டில்தான் கோர்ட்டுல பேசும்."

முனிவேல் மூச்சிரைக்கக் காரணத்தைச் சொன்னான். ராமப்பன் அவன் கண்ணையே பார்த்தான். பிறகு வைக்கோல் போருக்குள் கைவிட்டு ஒன்றை உருவினான். "மிச்சத்த ஆத்துல போட்டுடு. எம்பேரு வரக்கூடாது."

முனிவேல் பாட்டிலின் கழுத்தையும் சுவரையும் தட்டி உதிர்த்தான். அடிப்பாகம் மட்டும் கையில் நின்றது. அவசரத்தில் அதன் நடுவில் அடித்தான், மூன்றாகப் பிளந்தது. அதே நேரம் உள்ளே குழந்தை அழுதது.

"முனிவேலு, இன்னும் எவ்ளோ நேரம் நான் கொடியப் புடிச்சுட்டு ஒக்காந்திருக்கறது?"

பெரிய துண்டைத் துணி சுற்றிப் பிடித்தான். இந்தத் தடவை நடுவில் அடிக்கவில்லை. ஓரத்தில், கூழாங்கல்லால், சாய்வாக ஒரே தட்டு. கிளிஞ்சல் போல வரிவரியாக ஒரு சில்லு கழன்று மடியில் விழுந்தது. எடுத்தபோது விரலை வெட்டியது. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. கொதிநீரில் போட்டெடுத்து நீட்டினான். பாப்பம்மா ஒரே இழுப்பில் கொடியை அறுத்தாள்.

"பரவால்ல, நல்லாத்தான் அறுக்குது" என்று சொல்லிவிட்டு, எப்போதும்போலத் தொப்புளில் வறட்டிச் சாம்பலை அப்பினாள். முனிவேல் பக்கத்தில்தான் நின்றான். அவன் கண் சில்லின் மேல் இருந்தது.

ஏழாம் நாள் காலை குழந்தை மார் பிடிக்கவில்லை. ஆறு வடிந்திருந்தது. பேரிகை போய் பஸ் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினார்கள். முனிவேல் இடுப்பு முடிச்சை அவிழ்த்துச் சில்லைக் காட்டினான். "இரும்பே படலீங்க."

கம்பவுண்டர் அதை வாங்கவில்லை. தொப்புளைப் பார்த்தார். "மேல என்ன வெச்சீங்க?"

"வறட்டிச் சாம்பலுங்க."

"அறுக்கறதும் சுத்தமா இருக்கணும், மேல எதுவும் வெக்கக் கூடாதுன்னு ரெண்டும் சொன்னேனேய்யா. சாணியிலயும் அந்த வெசம்தான்."

அவர் சொல்லியிருப்பார். முனிவேலுக்கு இரும்பு மட்டும்தான் நினைவில் நின்றிருந்தது.

குழந்தையை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். சென்னம்மாள் அழவில்லை. சுவரோரம் உட்கார்ந்தபடி சொன்னாள்:

"மாமா, பக்கத்து வீட்டுக் காவேரிக்கு நாம கெளம்பறப்பவே வலி கண்டிருந்துச்சு. பாப்பம்மாக்கா அங்கதான் இருக்கும்."

"உன்ன இப்படி விட்டுட்டா?"

"இங்க நின்னு என்ன பண்ணப் போற? அது சாம்பல் வெக்கறதுக்குள்ள போ."

சாத்தியிருந்த கதவை ஒருமுறை பார்த்துவிட்டு அவன் ஓடினான். பின்படியைப் பிடித்தபோது ஊர்ப்பக்கம் திரும்பும் பேரிகை பஸ் நகரத் தொடங்கியிருந்தது.