முந்நூற்று நாற்பதும் ஒன்று

வன அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவருக்கு ஊர் வைத்த பெயர் மேற்படியார். அவர் எழுதித் தள்ளிய 'மேற்படி'களை வரிசையாக நிறுத்தினால் அதன்மேல் நடந்தே நிலாவுக்குப் போய்வரலாம். வழியில் டீ குடிக்கவும் நேரம் இருக்கும்.

அரசுக் காட்டின் நட்டநடுவில், மிதிவண்டிகூட நுழையாத பகுதியில், சாலை போடப்போகிறார்கள் என்றதும் மனிதர் கிளம்பிவிட்டார். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஐம்பது ஆட்சேபணைகள் வந்தால் பொது விசாரணை. வராவிட்டால் திங்களன்று புல்டோசர்.

மேற்படியார் ஒரு கடிதம் வரைந்தார். அதன் கம்பீரத்தைக் கண்டு ஜெராக்ஸ் இயந்திரமே ஒருகணம் எழுந்து நின்றது. முந்நூற்று நாற்பது பிரதிகளில் கையெழுத்து வாங்கி, கட்டைப் பச்சைக்குழந்தைபோல ஏந்திக்கொண்டு புதன்கிழமை அலுவலகம் போனார். அவரிடம் வேலை பழகிய பெண்தான் இப்போது அங்கே தலைமை எழுத்தர்.

"சார், எல்லாம் ஒரே வாசகமா இருக்கே?"

"பின்னே? நான் எழுதினதாச்சே!"

"ஒரே வாசகம்னா எத்தனை கையெழுத்து இருந்தாலும் ஒண்ணுதான் சார்."

"எந்த மடையன் போட்ட விதிம்மா இது?"

அவள் அந்த விதி இருந்த பழைய கோப்பைத் திருப்பிக் காட்டினாள். அடியில் அவருடைய கையெழுத்தே பளிச்சென்று இருந்தது.

வீட்டில் மனைவி சிரித்து ஓய அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு கேட்டாள்: "இப்படி எத்தனை கட்டை ஒண்ணுன்னு எழுதி மூலையில போட்டிருப்பீங்க? ஒண்ணையாவது முழுசாப் படிச்சீங்களா?"

எந்த ஆற்றுக்காக, எந்தக் குன்றுக்காக வந்த கட்டுகளோ! முதல் வரியைத் தாண்டி அவர் கண் இறங்கியதே கிடையாது.

மறுநாள் காலையிலிருந்து கணவனும் மனைவியும் வெள்ளைத்தாளோடு வீடுவீடாக ஏறி இறங்கினார்கள். முடிதிருத்துபவர் எழுதினார்: 'நாள் முழுக்க அடுத்தவர் கதை கேட்கிறேன். மாதம் ஒருநாள் யாரும் பேசாத இடம் எனக்கு வேண்டும்.' பேருந்து ஓட்டுநர்: 'இருபது வருஷமாகச் சாலையையே பார்க்கிறவன் சொல்கிறேன், அங்கே வேண்டாம்.' மேற்படியாரின் கொழுந்தியாள்: 'என் வீட்டுக்காரரின் குறட்டையை அமுக்கிய ஒரே சத்தம் அந்தக் காட்டு அருவிதான்.'

மேற்படியாரின் விரல்கள் துடித்தன. "பொருள்னு ஒரு வரியாவது சேர்த்துடறேனே..."

"பேனாவைத் தொட்டீங்க, உங்க மேலேயே ஒரு ஆட்சேபணை எழுதிடுவேன்!" என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை, ஐந்து மணிக்கு இன்னும் கால்மணி நேரம். தலைமை எழுத்தர் எண்ணினாள். அண்ணனைப் பார்த்துத் தம்பி எழுதிய ஒன்று தள்ளுபடி. பழைய கட்டையும் ஒன்றாகச் சேர்த்து நாற்பத்தொன்பது.

"உங்களோடது எங்க சார்?"

மேற்படியார் விழித்தார். ஊருக்கெல்லாம் கடிதம் வரைந்தவர் தனக்கென்று ஒரு தாளில்கூடக் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

வெள்ளைத்தாளை வாங்கினார். 'மேற்படி' என்று எழுதினார், அடித்தார். மறுபடி எழுதினார், மறுபடி அடித்தார். கடிகாரம் குதிரைப் பந்தயத்தில் ஓடியது. கடைசியில் எழுதினார்:

'இந்தக் காட்டைப் பற்றி முப்பத்தொரு வருடம் எழுதினேன். போனதில்லை. போன வருடம் மனைவி இழுத்துக்கொண்டு போனாள். பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணிநேரம் எதையும் குறித்துக்கொள்ளத் தோன்றவில்லை. பயமாக இருந்தது. மறுபடியும் போகவேண்டும்.'

தலைமை எழுத்தர் இரண்டு தடவை படித்தாள்.

"சார்... தேதி இல்லை. அனுப்புநர் முகவரியும் இல்லை."

இந்தக் குறைக்காகவே ஓராயிரம் கடிதங்களைத் திருப்பி அனுப்பியவர், தாளைப் பிடுங்கி அவசரமாகக் கிறுக்கினார். ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கையில் முத்திரை விழுந்தது. அந்தச் சத்தத்தில் மூன்று தெரு நாய்கள் விழித்துக்கொண்டன.

"விசாரணை அடுத்த மாசம்" என்றாள் அவள். "ஆளுக்கு மூணு நிமிஷம் பேசலாம். தயவுசெஞ்சு யாருக்கும் எழுதிக் கொடுத்துடாதீங்க சார்."