ஒரு பூனைக்கு மட்டும் செல்லும் அனுமதி

ரோம்ஃபோர்டு சந்தையில் முப்பத்தொரு வருஷம் போர்வையும் திரைச்சீலையும் விற்றவன் நான். எனக்கு முன்னால் அப்பா அதே கடையில் நின்றார். எதிரே நிற்பவன் மூக்கைச் சொறிவதை வைத்தே எந்த விலைக்குப் படிவான் என்று சொல்லிவிடுவேன். அந்தச் சாமர்த்தியத்தை ஒரு சனிக்கிழமை எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் காட்டினேன். இன்றைக்கும் மாடிப்படியில் தலை நிமிர்ந்து ஏற முடியவில்லை.

அக்கா பெரில் முதியோர் இல்லத்துக்குப் போனபோது இதெல்லாம் தொடங்கியது. அங்கே நாய்க்கு இடமில்லை. அவளுடைய க்ளோவர், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் நாய். ஓய்வு என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு பந்தயத்திலும் ஜெயித்ததில்லை, படுப்பதில்தான் கெட்டி. "வேற யாருக்கும் குடுத்துடாதடா ரெஜ்" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் குடும்பத்தில் யாரும் யார் கையையும் பிடிப்பதில்லை.

ஆனால் என் ஃபிளாட் குத்தகை ஃபிளாட். தொண்ணூற்றொன்பது வருஷத்துக்கு என்னுடையது. பத்திரத்தின் நாலாம் பக்கத்தில் மட்டும், குடியிருப்புக் கமிட்டியின் எழுத்து மூலமான அனுமதியின்றிப் பறவை, பூனை, நாய் எதுவும் வைக்கக் கூடாது என்று இருக்கிறது. சுவர் எனக்குச் சொந்தம். சுவருக்குள்ளே குரைப்பது கமிட்டிக்குச் சொந்தம்.

அந்த அனுமதி எங்கள் கட்டடத்திலேயே ஒருத்தரிடம்தான் இருந்தது: எதிர் ஃபிளாட் டாஃப்னி. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருந்து ஓய்வு பெற்றவள். 'கஸ்டர்ட் என்னும் ஆரஞ்சு நிறப் பூனை ஒன்றுக்கு மட்டும். அதன் மரணத்தோடு இவ்வனுமதி முடிவடையும்' என்று அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

கஸ்டர்ட் செத்து நாலு வருஷம் ஆகிறது. ஒரு காலையில் டாஃப்னி என் கதவைத் தட்டினாள். கையில் ஒரு துண்டு, துண்டுக்குள் பூனை. குப்பைத்தொட்டிகளுக்குப் பின்னால் இருக்கும் புதருக்கடியில் நான்தான் குழி தோண்டினேன். மூன்று வாரம் கழித்து அவள் ஜன்னலில் இன்னொரு ஆரஞ்சுப் பூனை உட்கார்ந்திருந்தது.

"இது யாரு?" என்றேன்.

"கஸ்டர்ட்."

"கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கே."

"டயட்ல இருக்கு. உன்னையும் ஒரு வாரம் இருக்கச் சொல்லலாமான்னு பாக்கறேன்."

அவ்வளவுதான். அதற்கப்புறம் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

க்ளோவரை 'விருந்தாளி' என்று சொல்லி இரண்டு வாரம் ஓட்டினேன். தினமும் காலையில் டாஃப்னி தன் டோஸ்டின் ஓரத்தைக் கிள்ளி வாசலில் நின்று அதற்கு ஊட்டுவாள். "ராணி மாதிரி நிக்கறா பாரு. வளக்கறவனுக்குத்தான் ஒண்ணும் ஒட்டல" என்பாள்.

கூட்டம் தேவாலயத்து ஹாலில், காலை பத்து மணிக்கு. செயலாளர் நெவில், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட்டில் இருக்கும் தேதியைத் தவிர உலகத்தில் எதையும் நம்பாதவர். மேஜையில் டீ, பிஸ்கெட், அவருடைய குறிப்புப் புத்தகம். க்ளோவருக்கு அனுமதி கேட்ட என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"ரெஜ், நாய்க்கு நாங்க அனுமதி குடுத்ததே இல்ல. இருக்கறது ஒரே ஒரு பூனை. அதுக்கும் வயசாயிடுச்சு. அதோட காலம் முடிஞ்சா இந்தக் கட்டடத்துல மிருகமே இருக்காது. அதுதான் நம்ம கொள்கை."

சொல்லும்போது அவர் டீக் கோப்பையைப் பார்த்தார். அதை நான் கவனித்திருக்க வேண்டும். என் பக்கத்தில் டாஃப்னி கைப்பையைத் திறந்துகொண்டிருந்தாள். அதையும் கவனித்திருக்க வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம் கடையை விட்டு நகரப் பார்க்கும் ஒரு வாடிக்கையாளர்தான். நகர்பவரை நிறுத்த, மேஜைக்கடியில் வைத்திருக்கும் சரக்கை எடுத்து விரித்துவிட வேண்டும்.

"வயசாயிடுச்சா?" என்றேன். "அது செத்து நாலு வருஷம் ஆச்சு நெவில்! குழி தோண்டினதே நான்தான். இப்ப இருக்கறது வேற பூனை. நாலு வருஷமா உங்கள்ல ஒருத்தருக்குத் தொந்தரவு உண்டா? பூனை மாறினதுகூடத் தெரியல உங்களுக்கு. அப்புறம் என் நாய் மட்டும் என்ன பண்ணிடும்?"

வியாபாரம் முடிந்தது என்று புன்னகையோடு சுற்றிப் பார்த்தேன். கடிக்கப்போன பிஸ்கெட்டை ஒருத்தர் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

"எங்க எல்லாருக்கும் தெரியும் ரெஜ்" என்றார் நெவில் மெதுவாக. "பழைய கஸ்டர்டுக்கு ஒரு காது கிழிஞ்சிருக்கும். இதுக்கு ரெண்டும் முழுசா இருக்கு. நாங்க என்ன குருடங்களா? யாரும் சொல்லல, அவ்வளவுதான். கூட்டத்துல சொன்னா நான் எழுதணும். எழுதினா நடவடிக்கை எடுக்கணும்." பேனாவை எடுத்தவர் எழுதாமல் காத்திருந்தார். "சொன்னதை வாபஸ் வாங்கிக்கறீங்களா?"

ஒரு வார்த்தை போதும். 'ஆமா' என்றால் போதும். வாபஸ் வாங்கினால் க்ளோவருக்காகப் பேச என்னிடம் வேறு சரக்கில்லை என்று கணக்குப் போட்டேன். வாயை மூடிக்கொண்டு நிற்பவனுக்குத்தான் பேரம் படியும் என்று அப்பா பழக்கியிருந்தார். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

நெவில் எழுதினார்.

டாஃப்னி கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். "இதுக்காகத்தான் வந்தேன்" என்று எழுந்து போனாள். க்ளோவர் இருப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எங்கள் படிக்கட்டை ஒட்டிய ஃபிளாட்டுகளில் குடியிருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கதவு கதவாக ஏறி இறங்கி வாங்கியிருக்கிறாள். முதல் கையெழுத்து அவளுடையது.

அனுமதி கிடைத்தது. அந்தக் காகிதத்துக்காகக் கிடைத்தது. என் பேச்சை யாரும் மறுபடி எடுக்கவேயில்லை.

டாஃப்னிக்குக் கடிதம் போயிற்று: இருபத்தெட்டு நாளுக்குள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பூனையை அப்புறப்படுத்த வேண்டும். நான் படிவத்தை எடுத்துக்கொண்டு அவள் கதவைத் தட்டினேன்.

"ஒரு கையெழுத்துதான் டாஃப்னி. கேட்டா குடுத்துடுவாங்க. நெவிலே சொன்னார்."

"நீங்க எதுக்கு சிரமப்படறீங்க, மிஸ்டர் காபோல்ட்."

பதினாலு வருஷமாக நான் அவளுக்கு ரெஜ்.

"அதுல ஒரு கேள்வி இருக்கு, படிச்சீங்களா?" என்றாள். "'இதற்கு முன் அனுமதியின்றி வளர்த்ததுண்டா?' ஒரு நாள்கூட யாருக்கும் பாக்கி வெச்சதில்ல நான். அறுபத்தொம்பது வயசுல அதுக்கு 'ஆமா'ன்னு எழுதி அந்த ஹாலுக்கு மறுபடியும் போகணுமா?"

ஒரு வியாழக்கிழமை, சவுத்எண்டில் இருக்கும் அண்ணன் மகளிடம் விட்டுவர, பூனைக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் படியிறங்கினாள். வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். கூடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு இறங்கினாள். உள்ளேயிருந்து இரண்டு முழுக்காதுகள் தெரிந்தன.

க்ளோவருக்கு இதெல்லாம் புரியாது. இன்றைக்கும் காலையில் என் கதவைத் திறந்ததும் நேரே டாஃப்னி வாசலில் போய் உட்கார்ந்துவிடும். இழுத்தாலும் நகராது. நான் கயிற்றைப் பிடித்தபடி அவள் கண்ணில் படாமல் சுவரோரமாக ஒதுங்கி நிற்பேன். கதவு சங்கிலியளவு திறக்கும். டோஸ்டின் ஓரம் வெளியே வரும். க்ளோவர் மெல்ல வாங்கிக்கொள்ளும். கதவு மூடும்.

கயிற்றின் மறுமுனையில் யார் நிற்பது என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லிக்கொள்வதில்லை.