மணியாச்சியில் இறங்கியவர்

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே, பாத்திரக் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து நானும் சுகுணாவும் போவோம்.

அன்று நவநீதகிருஷ்ணன் சார் பலகையில் ‘வாக் அவுட்’ என்று எழுதினார். சட்டசபையில் வெளிநடப்பு செய்வது, தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறுவது, இரண்டுக்கும் அதுதான் என்றார். பிறகு பக்கத்தில் ‘ஆன்’ சேர்த்தார்.

“இப்ப பின்னால ஒரு ஆள் வரணும். நம்மளயே நம்பியிருக்க ஆள அம்போன்னு விட்டுட்டுப் போறது. தெரிஞ்ச விஷயத்த வச்சு ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க.”

வேல்ராஜ், தன் அக்கா கல்யாணத்தில் சமையல்காரர் குழம்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடியதைச் சொன்னான்.

“கொழம்ப யாருலே எறக்குனது?” என்று சார் கேட்க, வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வேல்ராஜ் புதூர்ப் பக்கம், என் ஊர்க்காரன்.

அடுத்து சுகுணா எழுந்தாள். தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லி மணியாச்சியில் ரயிலை விட்டு இறங்கிய ஒருவன், மனைவியைத் தனியே விட்டுப் போய்விட்டான் என்று இங்கிலீஷில் தடுமாறாமல் சொன்னாள்.

அது என் கணவர். பம்பாயில் வேலை பார்க்கிறார் என்று ஊரில் சொல்லி வைத்திருந்தேன். உண்மை தெரிந்தால் அப்பா வேலையை விடச் சொல்லி என்னைக் கூட்டிப்போய்விடுவார். சுகுணா ஒருத்திக்குத்தான் தெரியும்.

“உயிருள்ள வாக்கியம்,” என்ற சார், அதைப் பலகையில் எழுதி எல்லோரையும் சேர்ந்து சொல்லச் சொன்னார். சுகுணாவின் குரல்தான் உரக்கக் கேட்டது. நானும் வாயசைத்தேன். முன்வரிசையில் வேல்ராஜ் மட்டும் சொல்லாமல் திரும்பி என்னைப் பார்த்தான். மணியாச்சியிலிருந்து நான் தனியே திரும்பிய பஸ்ஸில் அவனும் வந்திருந்தான்.

படி இறங்கும்போது சுகுணா கையைப் பிடித்தாள். “என்னட்டி, மூஞ்சி இப்படி இருக்கு? பேரா சொன்னேன்? இங்கிலீஷ்லதான சொன்னேன்.”

அவள் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாள்.

கீழே வேல்ராஜ் காத்திருந்தான். “அக்கா, அண்ணாச்சி பம்பாயிலதான இருக்காவ?”

“பின்ன? போன வாரங்கூட ஆபீசுக்குப் போன் பண்ணாவளே. நான்தான எடுத்தேன்,” என்றாள் சுகுணா.

அதையும் தடுமாறாமல் சொன்னாள். அந்தப் பொய்க்குள் இன்னும் கொஞ்ச காலம் நான் இருந்துகொள்ளலாம். ஆனால் கதவு அவள் கையில் இருக்கும்.

“இல்ல தம்பி,” என்றேன். “அவிய எங்க இருக்காவன்னு எனக்கே தெரியாது. என்னை விட்டுட்டுப் போயிட்டாவ. ஞாயித்துக்கிழமை ஊருக்கு வந்து அப்பாட்ட நானே சொல்லுதேன். அதுவரைக்கும்…”

“யார்ட்டயும் சொல்ல மாட்டேன்க்கா,” என்றான்.

சுகுணாவும் இதையேதான் சொல்லியிருந்தாள்.