தண்ணீர் எங்கேயாவது திரும்புமா?

என் அண்ணன் நல்லமுத்து அதுவரை கடலைப் பார்த்ததில்லை. பார்த்ததில்லையே தவிர, கடலைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை. டிக்கோயா மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓடையில் விரல் நீளத்துக்கு ஒரு மீன் பிடிப்பான். அது எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் முழ நீளமாகிவிடும்.

இந்த வாயால்தான் அவனுக்கு எத்தனை பெண் பார்த்தும் ஒன்றும் அமையவில்லை. கடைசியாகப் போன வீட்டில், "தோட்டத்துத் துரையே நம்மகிட்ட யோசனை கேட்டுட்டுத்தான் வேலைய ஆரம்பிப்பாரு" என்று அளந்தான். பெண்ணின் அப்பா அந்தத் துரை பங்களாவில்தான் சமையல்காரர்.

அறுபத்திரண்டாம் வருஷம் இன்னொரு இடம் வந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து எப்போதோ கிளம்பிப்போய், திருகோணமலைப் பக்கம் ரயில்பாதை வேலையில் இருந்த முத்துலிங்கம் மாமாவின் ஒரே மகள் பூரணி. அண்ணனுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. இதுவும் தட்டிப்போனால் பெண் கொடுக்க இனி ஆளில்லை.

"அங்க போயி வாயத் தொறந்தே, உன்னை அங்கேயே வுட்டுட்டு வந்துருவேன்" என்று ஹட்டனில் ரயிலேறும்போதே அம்மா எச்சரித்தாள்.

மாமா வீட்டில் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை அண்ணன் வாயைத் திறக்கவில்லை. எனக்கே அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு மாமா ஒரு மரியாதைக்குக் கேட்டார்: "தம்பிக்கு மீன் புடிக்கிற பழக்கம் உண்டுங்களா?"

"பழக்கமாவா? மாமா, இன்னைக்குப் பகல் கறிக்கு மீனு என் பொறுப்பு. கடையில வாங்கிடாதீங்க!"

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். அண்ணனோ பையிலிருந்து ஒரு தகரப்பேணியை எடுத்தான். தேயிலை மலையில் தோண்டி, ரயில் ரயிலாக மாற்றி அவன் சுமந்து வந்திருந்த மண்புழுக்கள். பெண் பார்க்கும்போது கட்டவென்று நான் எடுத்துவைத்த சேலையின்மேல்தான் அந்தப் பேணி பயணம் செய்திருந்தது.

கடல் நிலத்துக்குள் புகுந்திருந்த ஒடுக்கமான இடம் அது. குறுக்கே பாதி தூரத்துக்கு ஒரு மரப்பாலம் நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் கடலை நோக்கி ஓட, ஊர்க்காரர்கள் எல்லோரும் கடல் பக்கமாக உட்கார்ந்து தூண்டில் போட்டிருந்தார்கள். பூரணியும் இருந்தாள். வீட்டுக் கறிக்கு அவள்தான் தினமும் பிடிப்பாளாம். அவர்கள் தூண்டில் முள்ளில் இறால். அண்ணன் முள்ளில் டிக்கோயா மண்புழு. உப்புத் தண்ணீர் பட்டதும் அது சுருண்டு செத்தது.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் எழுந்து, பாலத்தின் மறுபக்கம் போய் உட்கார்ந்தார்கள். பூரணியும் போனாள்.

"பாத்தியா வடிவு?" என்றான் அண்ணன் என்னிடம். "மாப்பிள்ளைன்னு மரியாதையா எடம் வுடுறாங்க. பூரணிக்கு வெக்கம்."

"கடல் ஏறுது, தண்ணி திரும்புதுங்க. இந்தப் பக்கம் வாங்க" என்று பூரணி வெட்கமே இல்லாமல் கூப்பிட்டாள்.

அண்ணன் சிரித்தான். "தண்ணி எங்கேயாச்சும் திரும்புமா? மலையில பொறந்தவன்கிட்டயா சொல்றீங்க!"

மலையில் தண்ணீருக்கு ஒரே வழிதான், கீழே. அதனால் என் அண்ணன் தன் தூண்டில் எதிரே போகிறதா, பாலத்துக்கு அடியில் வருகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. கடலை மட்டும் கம்பீரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திடீரென்று கயிறு சுண்டியது.

"மாட்டிக்கிச்சு! வடிவு, புடி! ஆளையே இழுக்குது!"

இழுத்தோம். அதுவும் இழுத்தது. நானும் முட்டாள்தனமாக அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். மறுபக்கத்திலிருந்து பூரணியின் குரல் கேட்டது: "யாருங்க அது? என் கயித்த வுடுங்க! மீனு அறுத்துட்டுப் போயிரும்!"

பாலத்துக்கு அடியில் அவன் கயிறு போய் அவள் கயிற்றைச் சுற்றியிருந்தது. அவள் படியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, சிக்கலோடு சேர்த்து ஒரு பெரிய பாரை மீனைத் தூக்கினாள். அது அவளுடைய முள்ளில் இருந்தது. அதை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு முன்னே நடந்தாள்.

சாப்பாட்டில் பாரைக் குழம்பு. மாமா முதல் வாயை வைத்ததும் நிமிர்ந்தார். "நல்ல மீனு. தம்பி புடிச்சதுங்களா?"

அம்மா அண்ணனைப் பார்த்தாள். நான் வாசலைப் பார்த்தேன், ஓடுவதற்கு வசதியாக. ஒரு தலையாட்டல் போதும், கல்யாணம் முடிந்த மாதிரிதான். குசினிக் கதவோரம் பூரணி நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, "இல்லீங்க மாமா, அவங்க புடிச்சது. என் முள்ளுல ஒண்ணும் மாட்டல. தண்ணி திரும்பும்னு எனக்குத் தெரியாது" என்றான்.

அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. பிறந்ததிலிருந்து அவன் வாயில் அப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதில்லை.

"அப்பா, இவரு இங்கேயே இருக்கட்டும்" என்றாள் பூரணி. "இருந்தாத் தெரிஞ்சுக்குவாரு."

தை மாதம் அங்கேயே கல்யாணம் நடந்தது. மாமா அவனை ரயில்பாதை வேலையில் சேர்த்துக்கொண்டார். ஆக, வாயைத் திறந்தால் விட்டுவிட்டு வருவேன் என்ற அம்மா, அவன் ஒரே ஒரு உண்மையைப் பேசியதற்காக அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

திரும்பி வரும்போது பெட்டியில் நானும் அம்மாவும் மட்டும். ஹட்டன் வந்து சேரும்வரை யாரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.