எலும்பில்லாக் கறிக்கு எழுதிய கதை

மதுரை காளவாசலில் சோணையின் கறிக்கடைக்கு எதிரே ஒரே ராத்திரியில் ஒரு பிளக்ஸ் முளைத்திருந்தது. அதில் கறுப்புக் கண்ணாடி போட்ட சோணை, கையில் கத்திக்குப் பதில் பேனாவோடு சிரித்துக்கொண்டிருந்தார். கீழே என்ன எழுதியிருக்கிறது என்றுதான் சோணைக்கே தெரியவில்லை. எழுத்துக் கூட்டிப் பார்த்தார். பாதியிலேயே மூச்சு வாங்கியது.

"என்னடா எழுதிருக்க?" என்று பிளக்ஸ் கடை அழகுபாண்டியைப் பிடித்து உலுக்கினார்.

"'எழுத்துலக எரிமலையின் நூல் வெளியீடு, உறவுகளே திரண்டு வாரீர்!' நம்ம அன்பளிப்புண்ணே."

"அடப்பாவி! கமுக்கமா முடிக்கப் பார்த்தேனே, குடியைக் கெடுத்துட்டியேடா!"

விஷயம் இதுதான். ஆரப்பாளையத்தில் சத்யப்ரியா டீச்சர் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தினார். பஸ் ஸ்டாண்டில் "இது எங்கண்ணே போகுது?" என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன சோணை, வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் அதில் சேர்ந்திருந்தார். சம்மந்தி விருமாண்டிக்குத் தெரிந்தால் மானம் கப்பலேறிவிடுமே! மகளைக் கட்டிக்கொடுத்த இடம்; சோழவந்தான் பக்கம் பெரிய விவசாயக் குடும்பம். அவர் வரும்போதெல்லாம் சோணை பேப்பரை விரித்துவைத்து, "நாடு கெட்டுப்போச்சு சம்மந்தி" என்று உச்சுக்கொட்டுவார். அது எந்த நாள் பேப்பருக்கும் பொருந்தும்.

"அவங்கவங்க கதைய அவங்கவங்களே எழுதுங்க. சேத்துப் புத்தகமாப் போடுவோம்" என்றார் டீச்சர். பூக்காரச் செல்லத்தாய் நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்று வரி எழுதினாள். சோணைக்கும் நாலு வரி வரும்தான். ஆனால் நாலு வரி அவர் கௌரவத்துக்குக் காணாது. காதுகுத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை எல்லாவற்றுக்கும் வாசகம் எழுதுகிற அழகுபாண்டியிடம் போனார். கூலி, இரண்டு கிலோ எலும்பில்லாக் கறி. கதை பிரமாதமாக வந்தது. டீச்சர் சந்தேகப்பட்டுக் கேட்டபோதும் சோணை அழகர் மேல் சத்தியம் செய்துவிட்டார்.

இப்போது பிளக்ஸ் போட்டோ போன் போனாகப் பறந்து, சாயங்காலம் சாதிசனம் மொத்தமும் வகுப்பு வாசலில் வேனில் வந்து இறங்கிவிட்டது. முன்வரிசையில் ரோஜா மாலையோடு விருமாண்டி.

முதலில் செல்லத்தாய் மேடையேறி, விரல் வைத்து மெதுவாக வாசித்தாள். "எனக்கும் எம் மாமியாளுக்கும் ஆகாது. பூக் கட்டும்போதெல்லாம் சண்டை போட்டுக்கிட்டே இருப்போம். இப்பச் சண்டை போட ஆளில்ல." சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கியது. பிறகு கைதட்டல் அடங்கவே இல்லை.

அடுத்து சோணை. புத்தகத்தைப் பிரித்தார். "அ... லை... க... ட... லெ..." வேர்த்துக் கொட்டியது. 'அலைகடலென ஆர்ப்பரித்தெழுந்த அஞ்சாநெஞ்சன்' என்று தொடங்கும் அந்தக் கதை, கரையைத் தாண்டவே இல்லை.

"என்னய்யா முழிக்கிற? நீ எழுதுனதுதானே, வாசி!" என்று கீழேயிருந்து மனைவி முனியாயி ஒரு சத்தம் போட்டாள்.

சோணை புத்தகத்தை மூடினார். பின்னாலிருந்த கரும்பலகைக்குப் போய் சாக்பீஸை எடுத்தார். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்தது. எழுதி முடித்ததும் விரல் வைத்து, தானே சத்தமாக வாசித்தார்:

"நான் சோணை. கறி வெட்டுவேன். புக்குல உள்ள கதை நான் எழுதல. இதுதான் நான் எழுதுனது."

விருமாண்டி மாலையோடு எழுந்தார். போச்சு, மகள் வாழ்க்கை போச்சு என்று சோணை கண்ணை மூடிக்கொண்டார். மாலை கழுத்தில் விழுந்தது.

"டீச்சரம்மா, எனக்கும் வகுப்புல ஒரு எடம் போடுங்க" என்றார் விருமாண்டி. "இவரு பேப்பர் வாசிக்கிறாருன்னு பயந்துக்கிட்டே, நானும் இம்புட்டு வருசமாத் தலைய ஆட்டிக்கிட்டு இருந்தேன்!"

சோணைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சம்மந்தியைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"எழுதப் படிக்கத் தெரியாதது குத்தமில்ல சம்மந்தி. அத மறைக்க நாம படுற பாட்டுல பாதி பட்டாப் போதும், எழுத்து தன்னால வந்துரும்."