பெரிதாக்காத கண்ணாடி

தொலைநோக்கியின் குழல் தங்கை வீட்டில் இருந்தது, அதன் ஸ்டாண்டு அண்ணன் வீட்டில் இருந்தது. ஒன்று இல்லாமல் மற்றொன்றால் யாருக்கும் பிரயோஜனமில்லை. குழலைப் போர்வையில் சுற்றி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே சாத்தி வைத்திருந்தார்கள். ஸ்டாண்டின் மேல் அண்ணி துவைத்த துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

செய்த காலத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. அண்ணன் வெல்டர். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டுகிறவர். தங்கையின் கணவர் பஸ் ஓட்டுநர். தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளை ஓரம் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். ஸ்டாண்டு அண்ணன் கைவேலை. குழலை வெட்டி, உள்ளே கறுப்படித்து, வெளியே பஸ்ஸுக்கு அடிக்கிற அதே சிவப்பை அடித்தவர் கணவர். ஆடிகளை உள்ளே வைத்து நேர்ப்படுத்தியது அவள். ஆனால் பார்க்கும் நேரம் வந்தால் ஆண்கள் இருவரும் முண்டியடித்துக்கொண்டு நிற்பார்கள். அவளுக்குக் கடைசியில், அதுவும் மேகம் வந்த பிறகு, ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

சண்டை ஒரு வால்நட்சத்திரத்தால் வந்தது. சூரியன் மறைந்த கையோடு மேற்கே, கட்டடங்களுக்குச் சற்று மேலே தெரிந்தது. கீழே இறங்குவதற்குள் பிடித்தாக வேண்டும். குழலின் பக்கத்தில் ஒட்டியிருந்த சின்னத் தொலைநோக்கி, அதாவது ஃபைண்டர், வழியாகக் கணவர் குனிந்து பார்த்தார். அண்ணன் குழலைப் பிடித்திருந்தார்.

"இடப்பக்கம் தள்ளுங்க மச்சான்."

"வலப்பக்கம்ல இருக்கு? எனக்கு வெறுங்கண்ணுலயே தெரியுதே மாப்ள."

"நான்தானே பார்க்கிறேன்? இடது!"

அண்ணன் இடப்பக்கம் தள்ளினார். வால்நட்சத்திரம் ஃபைண்டரைவிட்டே போய்விட்டது. மறுபடி தேடி, மறுபடி தள்ளி, ஆளுக்கொரு திசை சொல்லி முடிப்பதற்குள் அது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கிவிட்டது. இனி அடுத்த நாள் சூரிய வெளிச்சத்தில் கரைந்துவிடும் என்று மூவருக்கும் தெரியும்.

"இந்தக் கண்ணை வச்சுக்கிட்டுதான் தினம் பஸ் ஓட்டுறீங்களா மாப்ள?" என்றார் அண்ணன்.

வேறு எந்த வாரம் கேட்டிருந்தாலும் கணவர் சிரித்திருப்பார். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு மோட்டார் சைக்கிள் உரசிய விஷயமாக டிப்போவில் அவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருந்தார்கள். அவர்மேல் தப்பில்லை என்று முடிந்தாலும் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது அவர் குழலைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டு மாடிப்படி இறங்கினார். திருப்பத்தில் சுவரில் இடித்து ஃபைண்டர் உடைந்தது. அதையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்த ஃபைண்டர் தலைகீழாக் காட்டும். அதுல இடதுன்னா வெளியில வலது. ரெண்டு பேரும் கண்ணால பார்த்ததைத்தான் சொன்னீங்க" என்று தங்கை அன்றைக்கே இரண்டு பேரிடமும் சொன்னாள். அது காதில் விழுகிற நிலையில் அவர்கள் இல்லை.

சில மாதங்கள் அப்படியே போயின. எதிரெதிரே வந்தால் இருவரும் செல்போனைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். தங்கை இருவரையும் சமாதானம் செய்து பார்த்து அலுத்துப்போனாள். கடைசியில் அவளுக்கே ஒன்று உறைத்தது. இவர்கள் சேரும்வரை தான் ஏன் வானத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும்?

கடைக்கு வில்லை கொண்டுவருகிறவரிடம் சொல்லி வேறுவிதமான ஃபைண்டர் ஒன்றை வரவழைத்தாள். பார்த்தால் மூடியில்லாத டப்பா மாதிரி இருந்தது. மேலே சாய்வாக ஒரு கண்ணாடித் துண்டு, உள்ளே சின்ன சிவப்பு விளக்கு, பின்னால் மூன்று திருகுகள்.

கணவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எவ்வளவு பெருசாத் தெரியும்?"

"ஒண்ணும் பெருசாத் தெரியாது. வெறுங்கண்ணுல தெரியிறதுதான் தெரியும்."

"அதுக்கு எதுக்கு இது?"

"டெலஸ்கோப் எங்க பார்க்குதுன்னு வானத்துமேலயே சிவப்பு வட்டம் போட்டுக் காட்டும். இடது இடதாவே இருக்கும்."

கணவரே குழலை அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து மேசைமேல் கிடத்தினார்.

ஃபைண்டரின் அடித்தட்டை இருபக்கமும் ஒட்டுகிற டேப்பால் ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டால் பிய்ப்பது பெரும்பாடு. அதனால் அவள் அவசரப்படவில்லை. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, குழலில் பார்க்கிற வில்லையான ஐபீஸில் கண் வைத்து, அங்கிருந்து தலையைச் சற்று நகர்த்தினால் கண்ணாடித் துண்டு கண்ணுக்கு நேரே வரும் இடம் எது என்று பார்த்தாள். குழலின் நீளவாட்டுக்குப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். ஸ்பிரிட்டால் துடைத்தாள். கணவரைக் கூப்பிட்டு, "கட்டை விரலால நல்லா அழுத்துங்க, கோட்டைவிட்டு நகராம" என்றாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார்.

"முடிஞ்சுதா?"

"பாதிதான். ரெண்டும் ஒரே இடத்தைப் பார்க்கிற மாதிரி நேர் பண்ணணும். அதுக்கு ஸ்டாண்டு வேணும்."

அவர் போர்வையை மடிக்கப் போய்விட்டார். அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஸ்டாண்டை எடுத்துட்டு வா."

"அவரு வரச் சொன்னாரா?"

"நான் சொல்றேன். அதுல எனக்கும் பங்கு இருக்கு."

"அதுமேல துணி இருக்கேம்மா..."

"துணியை மெத்தையில வை."

ஞாயிறன்று அண்ணன் தன் வேனில் ஸ்டாண்டைக் கொண்டுவந்து மொட்டைமாடியில் இறக்கினார். கணவர் குழலைத் தூக்கி வந்தார். இருவரும் தங்கையைப் பார்த்தே பேசினார்கள்.

"தண்ணி வேணுமான்னு கேளு உங்க அண்ணனை."

"குடிச்சுட்டுத்தான் வந்தேன்னு சொல்லு."

"என்னை என்ன மைக்குன்னு நினைச்சீங்களா?" என்றாள் அவள்.

குழலை ஸ்டாண்டின் தொட்டிலில் வைத்துக் கையை எடுத்ததும் அது முன்பக்கமாகச் சரிந்தது. புது ஃபைண்டரின் எடையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வாய்ப்பக்கம் தரையை நோக்கிப் போனது.

"மச்சான், பிடிங்க!"

"பிடிச்சுட்டேன், பிடிச்சுட்டேன்! பின்னாடி அமுக்குங்க மாப்ள, ஆடி இருக்கு!"

தரைக்கு ஒரு சாண் உயரத்தில் குழல் நின்றது. இருவரும் ஆளுக்கொரு முனையைக் கட்டிப்பிடித்தபடி மூச்சு வாங்கினார்கள். தங்கை நெஞ்சில் கை வைத்து நின்றாள். அதன் பிறகு அவள் வழியாகப் பேச இருவருக்கும் கூச்சமாகிவிட்டது.

அண்ணன் கீழே போய் வேனிலிருந்து ஒரு பட்டை இரும்புத் துண்டையும் பழைய சைக்கிள் டியூபையும் கொண்டுவந்தார். இரும்பைக் குழலின் அடிமுனையில் வைத்து டியூபால் இறுக்கிக் கட்டினார். கையை எடுத்தார், குழல் இருந்த இடத்தில் இருந்தது.

தூரத்தில் செல்போன் கோபுரத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. தங்கை அதற்காகத்தான் காத்திருந்தாள். பட்டப்பகலில் வட்டம் கண்ணுக்குத் தெரியாது, நட்சத்திரத்தை வைத்து நேர்ப்படுத்தலாம் என்றால் அது நகர்ந்துகொண்டே இருக்கும். கணவர் ஐபீஸில் விளக்கை நடுவே கொண்டுவந்து குழலைப் பிடித்துக்கொண்டார். அண்ணனை அவள் ஃபைண்டருக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"ஒண்ணும் தெரியலையேம்மா."

"ஒத்தைக் கண்ணை ஏன் மூடுற? ரெண்டையும் திற. கொஞ்சம் பின்னாடி வா."

அண்ணன் பின்னால் வந்தார். ஒன்றுக்குள் ஒன்றாகச் சிவப்பு வட்டங்கள் கண்ணாடியில் இல்லை, அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்து வானத்தில் வரைந்தமாதிரி இருந்தன. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"நான் ஆடினாலும் வட்டம் ஆடலையே!"

"ஆடாது. இப்ப திருகைத் திருப்பி, நடுவட்டத்துக்குள்ள விளக்கைக் கொண்டு வா."

அவர் திருகினார். வட்டம் வேறு பக்கம் போனது. மற்றொன்றைத் திருகினார். கிட்டே வந்தது.

"மாப்ள, உங்களுக்கு நடுவுல இருக்கா?"

"இருக்கு மச்சான். அசையல."

"எனக்கும் வந்துடுச்சு."

திருகிலிருந்து கையை எடுக்காமலே அண்ணன் சொன்னார்: "அன்னைக்கு நான் பஸ் பேச்சை எடுத்திருக்கக் கூடாது."

கணவர் ஐபீஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமா. கூடாது" என்றார். பிறகு, "நானும் மாடிப்படியில கொஞ்சம் நிதானமா இறங்கியிருக்கலாம்" என்றார்.

இருட்டு நன்றாகக் கவிந்ததும் தங்கை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரும் முண்டியடிக்கவில்லை, முண்டியடிக்க அவள் இடமும் கொடுக்கவில்லை. ஃபைண்டரின் சிவப்பு விளக்கை மங்கலாக்கிக்கொண்டாள். உச்சிக்கு வடமேற்கே பளிச்சென்ற அபிஜித் நட்சத்திரம் இருந்தது. அதன் அருகே சிறிய சாய்சதுரம், அதன் கடைசியில் இரண்டு நட்சத்திரங்கள். அந்த இரண்டுக்கும் நடுவே வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே கிடையாது. அவள் இரண்டு கண்களையும் திறந்துவைத்து, வட்டங்களை அந்த ஒன்றுமில்லாத இடத்தில் நிறுத்தினாள். பிறகு ஐபீஸில் பார்த்தாள்.

முதலில் வெறும் நட்சத்திரத் தூசி. கண்ணை ஓரமாக்கிப் பார்த்தபோது, நடுவிலிருந்து கொஞ்சம் விலகி, மங்கலாக, வாயால் ஊதிவிட்ட புகைவளையம் போல ஒன்று. எப்போதோ செத்துப்போன ஒரு நட்சத்திரம் உதறிவிட்ட வாயு என்று படித்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் தானே தேடிக் கண்டது இதுதான் முதல். அவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஆண்கள் இருவரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

"இருக்கா?" என்றார் கணவர்.

"இருக்கு."

"நாங்க பார்க்கலாமா?"

"பார்க்கலாம். குழலைத் தொடாம."

கணவர் பார்த்தார். அண்ணன் பார்த்தார். "நம்ம ஆளுங்க யாரோ அங்க வெல்டிங் பண்ணியிருக்காங்க" என்றார் அண்ணன். பிறகு தானே ஒன்றைப் பிடித்துக் காட்டுவதாக அடம் பிடித்தார். தங்கை ஸ்டூலைக் கொடுத்தாள். அவர் தோன்றிய பக்கமெல்லாம் குழலைத் திருப்பி, ஒரு சாதாரண நட்சத்திரத்தின் மேல் வட்டத்தை வைத்து, ஐபீஸுக்குக் குனிந்தார்.

"ஏய், இது ரெண்டா இருக்கு! ஒண்ணு மஞ்சள். பக்கத்துலயே ஒண்ணு நீலம், எஃகைச் சூடு பண்ணினா வருமே, அந்த நீலம். இதை யாராவது கண்டுபிடிச்சிருக்காங்களா?"

"ரொம்பக் காலத்துக்கு முன்னாடியே" என்றாள் தங்கை.

"பரவாயில்ல. நான் இன்னைக்குக் கண்டுபிடிச்சேன்."

"நகருங்க மச்சான், நானும் கண்டுபிடிக்கிறேன்" என்று கணவர் தோளால் அவரை ஒதுக்கினார்.